ஓசையும் மூலமும்: வாகனப் பழுதறிதலின் அறிமுறை பற்றிச் சில குறிப்புகள்

ஓடும் வாகனமொன்றில் எழும் இனந்தெரியாத ஓசையையோ அதிர்வையோ கேட்டு அதன் மூலத்தைக் கண்டறியும் மெக்கானிக்கைப் பற்றிப் பேசுமிடத்து, அவருக்கு 'நல்ல காது' உண்டு என்று கூறுவது நம்மிடையே வழக்கம். பாராட்டாகத் தோன்றும் இக்கூற்று ஒன்றை மறைத்தும் விடுகின்றது. பல்லாண்டு உழைப்பில் உருவான ஒரு முறைமையை அது பிறவிக் கொடையாகவும், தருக்கத்தைப் புலனின் கூர்மையாகவும் மாற்றிவிடுகின்றது. மூளையுழைப்பையும் உடலுழைப்பையும் பிரித்துவைத்த சமுதாயத்தில் இது தற்செயலானதன்று. ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட ஆய்வு, ஆலைத்தொழிலில் சிந்திப்பவரும் செய்பவரும் வேறாக்கப்பட்ட வரலாற்றை விரிவாகக் காட்டியது. சிறிய கராஜ்களிலோ இவ்விரண்டும் ஒரே ஆளிடத்து இணைந்தே நிலைத்துள்ளன. அங்கு நடைபெறுவது யாதென நோக்குவோம்.

யாழ்ப்பாணத்து வீதிகளில் பல தசாப்தங்களாக ஓடிய மொறிஸ் மைனர் காரையே எடுத்துக்கொள்ளலாம். 1948இல் அறிமுகமான இக்காருக்கு 1956இல் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய நான்கு சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் இதன் சில்லு செக்கனுக்கு ஏறத்தாழ 9 முறை சுற்றும். பின்னச்சின் பற்சில்லு விகிதம் 4.55 ஆகையால், எஞ்சினின் சுழற்சியைப் பின்னே கொண்டுசெல்லும் நீள்தண்டு செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை சுற்றும். நாலாங் கியரில் எஞ்சினும் அதே அளவே சுற்றும். ஆயின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு சிலிண்டர்கள் எரிவதால் அதன் துடிப்பு செக்கனுக்கு 82 ஆகும்.

ஸ்ரேறிங்கைக் கையில் ஆட்டும் மெதுவான நடுக்கம் முதலாவது எண்ணுக்குரியது; சில்லின் சமநிலைக் குறைவையோ ரயரின் வடிவக் கேட்டையோ நாடவேண்டும். இதில் மயக்கம் குறைவு. மயக்கம் தோன்றுவது 82 என்ற எண்ணிலேயே. நீள்தண்டின் மூட்டு தேய்ந்தோ கோணம் பிறழ்ந்தோ போயின், தண்டின் ஒரு சுற்றுக்கு இருமுறை அதிர்வு எழும். அதுவும் செக்கனுக்கு 82 தான்! எஞ்சினின் குறைபாடும் தண்டின் குறைபாடும் ஒரே சுருதியில் ஒலிக்கின்றன. எத்துணைக் கூரிய காதாயினும் சுருதியை மாத்திரம் கொண்டு இவற்றைப் பிரித்தறிதல் அரிது.

மெக்கானிக் இங்குச் செய்வது மனங்கொள்ளத்தக்கது. அதே வேகத்தில் மூன்றாம் கியருக்கு மாற்றச் சொல்கிறார். சில்லும் தண்டும் முன்போலவே சுற்ற, எஞ்சின் மட்டும் 1.4 மடங்கு விரைவாகச் சுழல்கின்றது. அதிர்வின் சுருதி உயர்ந்தால் மூலம் எஞ்சின், மாறாதிருந்தால் தண்டு. பின்னர் கிளட்சை மிதித்து வாகனத்தைத் தன்போக்கில் உருளவிடுகிறார். எஞ்சின் அடங்கிய பின்னும் அதிர்வு நீடிக்குமாயின் ஐயம் உறுதிப்படுகின்றது. சில்லின் பெயாரிங் இரைவதையும் இவ்வாறே அறிவர்: வாகனத்தை இடப்பக்கம் திருப்புகையில் பாரம் வலச்சில்லில் ஏற, இரைச்சல் கூடினால் பழுது பெரும்பாலும் வலப்பக்கத்தது. ஓசை எத்தகையது என்பதைக் காட்டிலும், அது எதனோடு சேர்ந்து மாறுகின்றது என்பதே வினா. பொருள்களை அவற்றின் தொடர்புகளிலும் இயக்கத்திலும் வைத்து நோக்கவேண்டும் என வகுப்பறையில் நாம் போதிப்பது, கராஜில் நாளாந்த நடைமுறையாயிருக்கின்றது.

இம்முறைமை கடுமையாகச் சோதிக்கப்பட்ட காலமும் ஒன்றுண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின் வடபகுதிக்குப் பெற்றோல் தடைப்பட்டபோது, பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் கொண்டு எஞ்சினை இயக்கிச் சூடேற்றி, பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவு மிகத் தாழ்வானது. தீப்பொறி மூட்டிய சுவாலை பரவி முடியுமுன்னரே, எஞ்சிய கலவை வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் தானே வெடித்தெரியும். இதனால் எழும் உலோகத் தட்டலே கராஜ் வழக்கில் 'நொக்கிங்'. பொறி எழும் வேளையைப் பின்தள்ளினால், அதாவது ரைமிங்கைக் குறைத்தால், எஞ்சினின் வலு சிறிது தளரும்; தட்டலும் தணியும்.

ஆனால் மண்ணெண்ணெய் இன்னுமோர் ஓசையையும் மெல்ல உண்டாக்கும். முற்றாக ஆவியாகாத பகுதி சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து எஞ்சின் ஒயிலில் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். மசகு தளர, இணைப்புத் தண்டின் பெரிய முனையிலுள்ள பெயாரிங் தேயும். கனத்த அடியோசை பிறக்கும். முதலாவதற்கு ரைமிங் மருந்து. இரண்டாவதை அதே மருந்தால் மழுப்பிக்கொண்டு ஓடினால், தண்டு உடைந்து எஞ்சினே அழியக்கூடும். உதிரிப்பாகம் அரிதாகி, நோயாளரை ஏற்றவும் வண்டிகள் அருகியிருந்த சூழலில், இவ்விரு ஓசைகளையும் மயங்கி அறிதல் சிறு பிழையன்று.

வேறுபடுத்தும் முறை எளியது. எஞ்சின் ஓடுகையில் ஒவ்வொரு பிளக்கின் வயரையும் முறையே கழற்றுவர். ஒரு சிலிண்டரில் எரிதல் நிற்க அடியோசை தணியுமாயின், அச்சிலிண்டரின் பெயாரிங்கே குற்றவாளி. எரிதலோடு தொடர்பற்ற வால்வின் டிக்டிக் ஓசை அப்போதும் மாறாது; அது எஞ்சினின் இரு சுற்றுக்கு ஒருமுறை கேட்பது. நீண்ட ஸ்குறூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதோடு வைத்து இடத்தை உறுதிசெய்வதும் உண்டு. 1816இல் பிரெஞ்சு வைத்தியர் லென்னெக் சுருட்டிய தாளை நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதை மருத்துவ வரலாறு போற்றுகின்றது. ஸ்குறூ டிரைவரை முதலில் ஊன்றியவரின் பெயரை எவரும் குறித்துவைக்கவில்லை. மண்ணெண்ணெய்க் காலத்து மெக்கானிக்குகளின் அறிவையும் நமது பல்கலைக்கழகங்கள் முறையாகத் தொகுத்து வைக்கவில்லை. வழக்கொழிந்த கைத்தொழில்களின் கலைச்சொற்களைத் திரட்டுவதில் நாம் காட்டும் ஆர்வம், எண்ணெய் படிந்த கைகளை எட்டுவதில்லை போலும்.

1980கள் முதல் பரவலான எஞ்சின்களில் இக்காதின் ஒரு பகுதி உலோகத்தில் உறைந்துள்ளது. எஞ்சினில் திருகப்பட்ட உணரி நொக்கிங்கின் அதிர்வை மின்குறியாக்க, கட்டுப்பாட்டுப் பெட்டி தானே ரைமிங்கைப் பின்தள்ளும். மெக்கானிக் கையால் செய்தது இப்போது இயந்திரத்தின் உடைமை. எனினும் அவ்வுணரி ஓர் அதிர்வெண் வீச்சையே கேட்கின்றது; தளர்ந்த பிஸ்ரனின் தட்டலும் அவ்வீச்சில் விழுமாயின் அதனையும் நொக்கிங் என்றே கொள்ளும். அப்போது வாகனம் காரணமின்றி வலுவிழக்கும், ஓசையோ நிற்பதில்லை. அத்தகைய வாகனத்தைக் கராஜுக்குக் கொண்டுசெல்ல, மெக்கானிக் மீண்டும் பிளக்குகளை ஒவ்வொன்றாகத் துண்டிக்கத் தொடங்குவார்.