பழைய பியானோவா... புது கீ-போர்டா?

பக்கத்து வீட்டுக் குழந்தை கீ-போர்டு வாசிப்பதைக் கேட்டுவிட்டு வந்து, "எனக்கும் வேணும்ப்பா" என்று உங்கள் மகள் அடம்பிடிக்கிறாளா? சரி, வாங்கிக் கொடுத்துடலாம் என்று நீங்கள் நினைக்கும்போதே ஒரு நண்பர் குறுக்கே வருவார். "கீ-போர்டெல்லாம் பொம்மை சார்! தெரிஞ்ச வீட்டுல பழைய பியானோ ஒண்ணு சும்மா கிடக்கு. அசல் ஜெர்மன்! சல்லிசா முடிச்சுத் தர்றேன்" என்பார். அவ்வளவுதான், அன்று ராத்திரி வீட்டில் பட்டிமன்றம்! மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தரணுமா என்ன?

தீர்ப்புக்கு முன்னால் இரண்டு தரப்பையும் விசாரித்துவிடுவோம்.

பியானோவுக்குள்ளே என்ன இருக்கு?

பியானோவில் 88 கட்டைகள். உள்ளே சுமார் 230 கம்பிகள். அத்தனையும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு 15 டன்னுக்கும் மேல்! அதைத் தாங்கத்தான் வார்ப்பிரும்புச் சட்டம். சுவரோரம் நிற்கிற சாதாரண பியானோவே 200 கிலோவைத் தொடும். மாசி வீதிப் பக்கத்துக் குறுகலான மாடிப்படியில் அதை ஏற்றுவதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

கட்டையை அழுத்தினால் கம்பளி சுற்றிய சின்னச் சுத்தியல் போய்க் கம்பியைத் தட்டும். மெதுவாக அழுத்தினால் மெல்லிய சத்தம், ஓங்கி அழுத்தினால் பெரிய சத்தம். குழந்தையின் விரல் பலப்படுவதும், நிதானம் வருவதும் இதனால்தான். இந்த விஷயத்தில் நண்பர் சொன்னது நியாயமே.

மதுரை வெயிலும் மரப்பெட்டியும்

ஆனால் பியானோ பெரும்பாலும் மரம். சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கும். ஐப்பசி மழையில் ஈரத்தைக் குடித்து உப்பும். ஒவ்வொரு தடவையும் சுருதி நகரும். அதனால்தான் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ட்யூனரைக் கூப்பிட்டுச் சுருதி சேர்க்கணும். கரையானும் எலியும் போனஸ் தொல்லை!

சுருதி போன பியானோவில் தினமும் வாசிக்கிற குழந்தை, அந்தத் தப்பான சுரத்தையே சரியென்று பழகிக்கொள்ளும். கட்டை சிக்கிக்கொண்டால், 'நமக்குத்தான் வரலை' என்று மனசு விட்டுப் போகும். காசு போனால் சம்பாதிக்கலாம். ஆசையை மறுபடி வரவழைப்பது கஷ்டம்.

பழசை வாங்கத்தான் போகிறீர்களா?

* 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். சிக்குகிறதா, ஊமையாகிறதா?

* நடு 'ஸ'வுக்கு, அதாவது மிடில் 'சி'க்கு, மேலே வரும் 'ஏ' சுரம் 440 அதிர்வில் நிற்கணும். செல்போனில் ட்யூனர் ஆப் போட்டாலே தெரியும். அரைச் சுரம் இறங்கியிருந்தால் ஜாக்கிரதை! ஏற்றும்போது பழைய கம்பி அறுந்துபோகலாம்.

* பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். பலகையில் விரிசல், கம்பியில் துரு, சுத்தியல் கம்பளியில் பூச்சி அரித்த பள்ளம்... எது தெரிந்தாலும் யோசியுங்கள்.

* ரொம்பப் பழைய பியானோவின் வெள்ளைக் கட்டைகளில் யானைத் தந்தம் ஒட்டியிருக்கலாம். தந்த வியாபாரம் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. வம்பு வேண்டாம்!

* முக்கியமாக, ட்யூனர் எங்கிருந்து வருவார், என்ன கேட்பார் என்று விசாரித்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள். சர்ச்சில் வாசிப்பவர்களைக் கேட்டால் விவரம் கிடைக்கும்.

கீ-போர்டு என்றால்...

சுருதி போகாது, கரையான் தொடாது, பீரோ மேலேயே வைத்துவிடலாம். ஆனால் குட்டிக் கட்டை வைத்த பொம்மை ரகம் வேண்டாம். முழு அளவுக் கட்டைகள் 61 இருக்கணும். அழுத்தத்துக்கு ஏற்றபடி சத்தம் கூடிக் குறையணும். கடையில் நீங்களே தட்டிப் பார்த்து வாங்குங்கள். லண்டன் டிரினிடி காலேஜ் தேர்வுகளில் எலெக்ட்ரானிக் கீ-போர்டுக்குத் தனி கிரேடே இருக்கிறது. ஆக, அது பொம்மை இல்லை!

நடுவில் இன்னொன்றும் உண்டு: டிஜிட்டல் பியானோ. 88 கட்டைகள், பியானோ மாதிரியே கனமான அழுத்தம், ஆனால் சுருதி சேர்க்கிற வேலை கிடையாது.

உடம்பையும் கவனியுங்கள்

எதை வாங்கினாலும் கட்டிலில் சம்மணம் போட்டு வாசிக்க விடாதீர்கள். முழங்கை, கட்டைகளின் உயரத்துக்கு வரும்படி நாற்காலி இருக்கணும். கால் தொங்கினால் கீழே ஒரு மணை போடுங்கள். சின்னக் குழந்தைக்கு ஒரு தடவைக்கு 15, 20 நிமிஷம் போதும். மணிக்கட்டு வலித்தால் உடனே நிறுத்திவிடணும். ஹெட்போன் மாட்டினால் சத்தம் குறைவாக இருக்கட்டும். குழந்தைகளுக்கு 75 டெசிபல், வாரம் 40 மணி நேரம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் போட்டிருக்கும் எல்லை.

தீர்ப்பு என்ன?

அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவின் விரல்கள் முதலில் பழகியது ஆர்மோனியத்தில்தான். சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்றது அதற்கப்புறம்.

அதனால் முதலில் நல்ல கீ-போர்டு ஒன்று வாங்குங்கள். இரண்டு வருஷம், நீங்கள் சொல்லாமலே மகள் தினமும் போய் உட்காருகிறாளா என்று பாருங்கள். உட்கார்ந்தால் டிஜிட்டல் பியானோவோ, ட்யூனர் பார்த்து ஓகே சொன்ன நிஜப் பியானோவோ தாராளமாக வாங்கலாம். உட்காரவில்லையா? நஷ்டம் கொஞ்சம்தான். 200 கிலோ பெட்டியை மாடியிலிருந்து இறக்குகிற வேலையாவது மிச்சம்!