திருத்தணி வெயிலுக்கு எந்த டயர்?

மே மாதம் வந்துவிட்டால் மாலைச் செய்தியில் நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்களின் பட்டியலை வாசிப்பார்கள். வேலூரோடு சேர்ந்து திருத்தணியின் பெயரும் அதில் வரும். கடல்காற்று எட்டாத தொலைவு, சுற்றிலும் பாறைக் குன்றுகள். அக்னி நட்சத்திர நாட்களில் இங்கே நிழலிலேயே 40 டிகிரி செல்சியஸைக் கடப்பது வாடிக்கை. நிழலில் 40 என்றால், சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையின் தார்ப்பரப்பு 60ஐத் தொடும். பெரிய எஸ்.யு.வி.க்கு ஆல் டெரெய்ன் டயர் வாங்க நினைக்கும் இந்த வட்டாரத்துக்காரர் முதலில் யோசிக்க வேண்டிய எண் அதுதான். தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டையான பட்டன் எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

கடைகளில் ஏ.டி. என்று சுருக்கிச் சொல்லப்படும் இந்த வகை டயர் ஒரு சமரசப் பொருள். நெடுஞ்சாலைக்கான எச்.டி. டயரில் பட்டன்கள் நெருக்கமாக, ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும். சத்தம் குறைவு, மைலேஜ் கூடுதல். சேற்றுக்கான எம்.டி. டயரில் பட்டன்கள் பெரிய கட்டைகளாகத் தள்ளித் தள்ளி நிற்கும். சக்கரம் சுழலும்போது இடையில் அப்பிய சேறு தானாக உதறப்பட வேண்டும் என்பதற்காக அந்த இடைவெளி. ஆனால் தார்ச்சாலையில் அது ஊளையிடும், சீக்கிரம் தேயும், ஈரத்தில் பிரேக் பிடித்தால் தாமதமாகத்தான் நிற்கும். ஏ.டி. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது. பட்டன் ஆழம் 10 மில்லிமீட்டருக்கு மேல், இடைவெளி மிதம், சிக்கும் கல்லை வெளியே தள்ளுவதற்குப் பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள். 1976இல் பி.எஃப்.குட்ரிச் நிறுவனம் ரேடியல் ஏ.டி. டயரைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வகை பரவலாயிற்று. நம் நாட்டில் 2020இல் வந்த மஹிந்திரா தார், தொழிற்சாலையிலிருந்தே சியட் ஏ.டி. டயரோடு இறங்கியபோது பலருக்கு இந்தப் பெயர் அறிமுகமானது.

திருத்தணிப் பக்கத்தில் இதற்கு உண்மையான தேவை இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் இல்லை. மலைக்கோயிலுக்கு வண்டியில் ஏறும் பாதை நல்ல தார்ச்சாலை. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் முதல் கியரில் ஊர்ந்து ஏறினாலும் அங்கே ஏ.டி. டயர் செய்யும் தனி உபகாரம் எதுவும் இல்லை. திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் பருவத்தில் டிராக்டர் உழுது போட்ட வண்டித்தடம், கல் குவாரியின் ஜல்லிப் பாதை, பள்ளிப்பட்டுப் பக்கத்து மாந்தோப்புகளுக்குள் போகும் செம்மண் வழி, கொசஸ்தலை ஆற்று மணல் ஆகியவை வேறு கதை. ஏரிக்கரைகளிலோ சீமைக்கருவேல முள் காத்திருக்கிறது. காய்ந்த முள் ஆணிக்குச் சமம். தடித்த பட்டனில் ஏறினால் அது பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடும். டயரின் பக்கச்சுவரான சைடுவாலில் ஏறினால் பஞ்சர் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். ஓட்டத்தில் மடங்கி மடங்கி நிமிரும் அந்த இடத்தில் ஒட்டுப் போடக்கூடாது. வாரத்தில் பல நாள் இப்படிப்பட்ட வழியில் போகிறவர் சைடுவாலில் மூன்று அடுக்கு நூல் கொண்ட ஏ.டி. டயருக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை நண்பர்களோடு நாகலாபுரம் மலையடிவாரம் வரை போய்வருகிறவருக்கு நல்ல எச்.டி. டயரே போதும் என்பது என் தீர்மானமான கருத்து.

இப்போது வெப்பத்துக்கு வருவோம். ரப்பர் ஒரு விசித்திரமான பொருள். அழுத்தினால் அமுங்கும், விட்டால் நிமிரும். ஆனால் அமுக்கக் கொடுத்த ஆற்றல் முழுவதையும் அது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக மாற்றித் தன்னுள்ளேயே வைத்துக்கொள்கிறது. சாலையின் பொடிக்கற்களை அணைத்துப் பிடிக்கும் பிடிமானத்துக்கும் இதே குணம்தான் காரணம் என்பதால், இதை அடியோடு ஒழிக்கவும் முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு பகுதியும் தரையில் பட்டு நசுங்கி மீள்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் பெரிய எஸ்.யு.வி.யின் சக்கரம் நொடிக்குப் பதினோரு தடவைக்கு மேல் சுற்றும். ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே பட்டன் எவ்வளவு தடிக்கிறதோ, அவ்வளவு வெப்பம் உள்ளே தங்கும். ஏ.டி. டயரின் பெருமையாக நாம் தடவிப் பார்க்கும் அந்தத் தடிமனே நெடுஞ்சாலையில் அதற்குப் பாரம்.

காற்று குறைந்தால் நசுங்கல் கூடும், வெப்பமும் கூடும். ஆட்களோடு 2,400 கிலோ நிற்கும் வண்டியில் ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ. காற்றழுத்தம் 33 பி.எஸ்.ஐ. என்றால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 260 சதுர சென்டிமீட்டர். இரண்டு அஞ்சலட்டைகளின் அளவு. 18க்கு இறக்கினால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். கூடும் பரப்பில் பெரும்பகுதி அகலத்தில் சேர்வதில்லை, நீளத்தில் சேர்கிறது. ஆற்று மணலில் வண்டி புதையாமல் மிதந்து போவது இதனால்தான். பாதை தெரிந்த ஓட்டுநர்கள் மணலில் இறங்கும் முன் காற்றை இறக்குவது சரியான அறிவியல். மணலைத் தாண்டியதும் காற்றை ஏற்றாமல் அப்படியே நெடுஞ்சாலையில் பறப்பதுதான் ஆபத்து.

எவ்வளவு ஆபத்து என்பதை அமெரிக்கா பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற எஸ்.யு.வி.யில் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்தின் ஏ.டி. வகை டயர்கள் வந்தன. ஓட்டத்திலேயே பட்டன் பகுதி எஃகு இழைப் பட்டையிலிருந்து உரிந்து வந்து, வண்டிகள் உருண்டன. 2000 ஆகஸ்டில் சாலையில் இருந்த ஏறத்தாழ 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் வந்த புகார்களில் 270க்கும் மேற்பட்ட இறப்புகள் பதிவாயின. டயரின் வடிவமைப்பு, தயாரிப்பு, வண்டியின் நிலைத்தன்மை என்று காரணங்களைப் பற்றி இரு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. ஆனால் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியம். விபத்துகள் டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா, கலிஃபோர்னியா போன்ற வெயில் மாநிலங்களில் குவிந்திருந்தன. அந்த வண்டிக்கு ஃபோர்டு சொல்லியிருந்த காற்றழுத்தமோ வெறும் 26 பி.எஸ்.ஐ. வெயிலும் வேகமும் சுமையும் குறைந்த காற்றும் ஒன்றுசேர்ந்தால் எஃகுப் பட்டையின் ஓரத்தில் ரப்பர் விட்டுக்கொடுக்கிறது. டயரின் காற்று குறைந்தால் ஓட்டுநருக்கு முன்னால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும் என்ற சட்டம் அந்நாட்டில் பிறந்தது இந்தத் துயரத்துக்குப் பிறகுதான்.

டெக்சாஸ் வெயில் திருத்தணிக்குப் புதிதல்ல. அதனால் கடையில் டயரைத் திருப்பிப் போட்டு சைடுவாலைப் படிக்கப் பழகுங்கள். 265/60 ஆர்18 110 எச் என்று இருந்தால், அகலம் 265 மில்லிமீட்டர், சைடுவால் உயரம் அதில் 60 சதவீதம், ஆர் என்றால் ரேடியல், ரிம் 18 அங்குலம். 110 என்பது ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும் என்பதன் குறியீடு. எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை. பழைய டயரில் இருந்த சுமை எண்ணைவிடக் குறைந்த எண் கொண்டதை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். பல டயர்களில் டெம்பரேச்சர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஏ, பி, சி என்று ஓர் எழுத்தும் இருக்கும். அது வெப்பத்தைத் தாங்கிச் சிதறவிடும் திறனுக்கான தரம், ஏ உயர்ந்தது. நம் ஊரில் பட்டன் வடிவத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இந்த எழுத்துக்குக் கொடுக்கலாம். மலையும் பனித்துகளும் சேர்ந்த ஒரு சின்னமும் சில ஏ.டி. டயர்களில் இருக்கும். அது பனிச்சாலைக்கான சான்று. கடுங்குளிரிலும் இறுகாமல் இருக்கச் செய்த ரப்பர் கலவைக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் கொசஸ்தலைக் கரைக்காரருக்கு லாபம் இல்லை.

அளவுக்கு முன்னால் எல்.டி. என்ற எழுத்துகள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அது இலகு லாரிகளுக்காகச் செய்த கனத்த டயர். முள்ளுக்கும் கல்லுக்கும் அதன் உடம்பு உறுதி. ஆனால் அது தன் முழுச் சுமையையும் தாங்குவது 50 அல்லது 80 பி.எஸ்.ஐ. காற்றில். பழைய டயருக்கு அடித்த அதே 33ஐ இதற்கும் அடித்தால், அது காற்று குறைந்த டயராகத்தான் ஓடும். எத்தனை கிலோவுக்கு எவ்வளவு காற்று என்ற அட்டவணை நிறுவனத்திடம் உண்டு; கேட்டு வாங்குங்கள்.

பெரிய டயர் போட்டால் வண்டி கம்பீரமாக நிற்கும் என்பது உண்மைதான். 265/60க்குப் பதில் 265/65 போட்டால் வண்டி 13 மில்லிமீட்டர் உயரும். கூடவே வேகமானி பொய் சொல்லத் தொடங்கும்: 100 என்று முள் காட்டும்போது வண்டி 103இல் போய்க்கொண்டிருக்கும். எடை கூடும், மைலேஜ் குறையும், பிரேக்கின் வேலை அதிகமாகும். வண்டி நிறுவனம் அனுமதித்த அளவுகளுக்குள் நிற்பதே விவேகம்.

வடகிழக்குப் பருவமழையில் காற்றழுத்தத்துக்கு இன்னொரு வேலை வருகிறது. தண்ணீர் தேங்கிய சாலையில் டயர் தரையைவிட்டு நீர் மேல் சறுக்கத் தொடங்கும் வேகத்தை விமானச் சக்கரங்களுக்காக நாசா ஆய்வாளர்கள் 1960களில் கணக்கிட்டார்கள். அந்த வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. பட்டன் தேய்ந்த டயரில் 33 பி.எஸ்.ஐ.க்கு அது ஏறத்தாழ 95 கிலோமீட்டர். 20க்கு 75 கிலோமீட்டர்தான். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டால் சட்டப்படியே அந்த டயரின் ஆயுள் முடிந்தது. பள்ளத்தின் குறுக்கே இருக்கும் சிறு திட்டுகளின் மட்டத்துக்குப் பட்டன் இறங்கினால் அதுதான் அடையாளம்.

நல்ல டயருக்காக வெகுதூரம் போகவும் வேண்டாம். திருத்தணிக்கு அருகிலேயே அரக்கோணம் இச்சிபுத்தூரில் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை, இதே திருவள்ளூர் மாவட்டத்தின் தேர்வாய்கண்டிகையில் மிஷ்லின், ஒரகடத்தில் அப்பல்லோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே.யும் சியட்டும். இந்தியாவின் டயர் வளையத்தின் ஓரத்தில் இருக்கும் ஊர் இது. வாங்கும் டயர் எந்த ஊரில் செய்யப்பட்டது என்பதைவிட எப்போது செய்யப்பட்டது என்பது பெரிது. சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1825 என்றால் 2025ஆம் ஆண்டின் 18ஆவது வாரம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் முதுமை அடைகிறது, வெயில் அதை விரைவாக்குகிறது. ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதனை, பத்து ஆண்டில் கட்டாய மாற்றம் என்பது பல நிறுவனங்களின் அறிவுரை.

கடைசியாக ஒன்று. நண்பகலில் திருப்பதியிலிருந்து இறங்கி வந்து பெட்ரோல் பங்கில் நிறுத்தினால், காற்று பிடிக்கும் தம்பி மீட்டரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, முப்பத்தெட்டு காட்டுது, எறக்கிடட்டுமா?" என்று கேட்பார். அக்கறையான கேள்விதான். ஆனால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காலையில் 30 டிகிரியில் அடித்த 33, டயருக்குள் காற்று 60 டிகிரி ஆகும்போது 38ஆக உயர்வது இயற்பியல். டயர் அதற்கென்றே செய்யப்பட்டது. அங்கே 33க்கு இறக்கினால் மறுநாள் காலையில் 29க்கும் கீழேதான் இருக்கும். நைட்ரஜன் அடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. மாதம் இருமுறை, வண்டி எடுக்கும் முன், விடியற்காலைக் குளிர்ச்சியில் நான்கு டயரையும் பாருங்கள். அப்படியே ஸ்டெப்னியையும் பாருங்கள்.