தறிகள் யாவும் ஒன்றுதானா?

உயிருள்ள ஒவ்வொரு கலத்தினுள்ளும் புரதம் நெய்யும் நுண்ணிய தறிகள் இயங்குகின்றன. அவற்றுக்கு இறைபோசோம் என்று பெயர். பரம்பரையலகின் கட்டளையைத் தூது ஆர்.என்.ஏ. சுமந்து வரும். இறைபோசோம் அதனைப் படித்து, அமினோ அமிலங்களை முறைப்படி கோத்துப் புரதமாக்கும். மனிதனின் இறைபோசோம் ஒன்றில் 4 ஆர்.என்.ஏ. இழைகளும் ஏறக்குறைய 80 புரதங்களும் உள.

ஒவ்வொரு வகைப் புரதத்துக்கும் தனித் தறி உண்டென்றே அறிஞர் முதலிற் கருதினர். 1961இல் பிரென்னர், ஜாக்கோப், மெசல்சன் ஆகிய மூவரும் அக்கருத்தைத் தகர்த்தனர். வைரசு தாக்கிய பற்றீரியாவில் புதிய இறைபோசோம்கள் தோன்றவில்லை. பழைய தறிகளே வைரசின் கட்டளையையும் ஏற்று நெய்தன. ஆகவே, தறிகள் யாவும் ஒன்றே, கட்டளைதான் வேறு என்ற எண்ணம் வேரூன்றியது.

அவ்வெண்ணத்தை அசைத்தது ஒரு சுண்டெலி. இறைபோசோமின் புரதங்களுள் எல்-38 என்பது குறைவுபட்ட சுண்டெலிகளை மரியா பார்னாவும் குழுவினரும் ஆராய்ந்து, 2011இல் முடிவை வெளியிட்டனர். உடலின் மொத்தப் புரத ஆக்கம் குன்றவில்லை. ஆயினும், உடலமைப்பை வகுக்கும் ஹொக்ஸ் புரதங்களுட் சில மட்டும் குறைந்தன, முள்ளென்புகள் உருமாறின. இயல்பான கலங்களிலும் எல்லா இறைபோசோம்களும் ஒரேவிதமானவையல்ல என்பதும், சில புரதங்கள் சிலவற்றில் இல்லை என்பதும் 2017இல் சுண்டெலியின் முளையக் கலங்களிற் காணப்பட்டன. எந்தக் கட்டளை முந்தும், எது பிந்தும் என்பதில் தறிக்கும் பங்குண்டு போலும்.

இவ்வாராய்ச்சி மனிதக் குழந்தைகளையும் தொடுகிறது. டயமன்ட்-பிளாக்பான் குருதிச்சோகை பெரும்பாலும் பிறந்த முதலாண்டிலேயே வெளிப்படும். இறைபோசோமின் எஸ்-19 என்னும் புரதத்தின் பழுது இந்நோய்க்கு ஒரு காரணமென 1999இல் அறியப்பட்டது. இறைபோசோம் இல்லாத உறுப்பு இல்லை. அவ்வாறிருக்க, செங்குழிய ஆக்கம் மட்டும் இவ்வளவு தளர்வதேன்?

2018இல் வெளியான ஆய்வொன்று இதற்கு வேறொரு விடை தந்தது. நோயுற்ற குருதியாக்கக் கலங்களில் இறைபோசோமின் அமைப்பு மாறவில்லை, தொகையே குறைந்திருந்தது. தறிகள் அருகும்போது எல்லாக் கட்டளைகளும் சமமாகப் பாதிக்கப்படுவதில்லை. செங்குழிய ஆக்கத்துக்கு இன்றியமையாத கற்றா-1 என்னும் புரதம் பெரிதும் குன்றிவிடுகிறது.

தறியின் வகையா, தொகையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால், கட்டளையை மட்டும் நோக்கிக் கலத்தை அறிந்துவிட முடியாது என்பது தெளிவாகிவிட்டது.