கேட்டவரும் கண்டவரும்



இப்பொழுது என் குரல் மட்டுமே உங்களை வந்தடைகிறது. நான் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறேனா, கூனிக் குறுகி அமர்ந்திருக்கிறேனா என்பதை நீங்கள் அறியீர்கள். ஆதலின் என் சொற்களைக் கொண்டும் குரலைக் கொண்டுமே என்னை எடை போடுவீர்கள். இதே உரையைத் தொலைக்காட்சியில் நிகழ்த்தினால் நிலைமை வேறாகிவிடும். கருத்து மனத்தில் பதியுமுன் முகம் கண்ணில் பதிந்துவிடும். இவ்வாறு கண் முந்திக்கொள்வதால், சொற்போரில் வென்றவர் யார் என்ற நம் தீர்ப்பு எவ்வாறு மாறுகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை நம் முன்னோர் மெய்ப்பாடு என்றனர். நான் வாழும் சோழவந்தான், தொல்காப்பியப் பாயிரத்திற்கு விருத்தி எழுதிய அரசஞ்சண்முகனார் பிறந்த ஊர். அத்தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் எனத் தனி இயலே உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை அது வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது. திருக்குறளிலோ 71ஆம் அதிகாரம் குறிப்பறிதல்; அடுத்தவை அவையறிதலும் அவையஞ்சாமையும். முகக் குறிப்பை அறிதலும் அவையில் பேசுதலும் அடுத்தடுத்து நிற்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இனி ஒரு வரலாற்று நிகழ்ச்சியைக் காண்போம். 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்ட கென்னடியும் நிக்சனும் சிகாகோ நகரில் தொலைக்காட்சிச் சொற்போர் நிகழ்த்தினர். ஏறத்தாழ 7 கோடி மக்கள் அதனைக் கண்டனர். நிக்சன் முழங்கால் நோயால் மருத்துவமனையில் இருந்து வெளிவந்து சில வாரங்களே ஆகியிருந்தன, உடல் மெலிந்திருந்தது. அவர் அணிந்த வெளிர் நிற உடை பின்புலத்தோடு கலந்து மங்கித் தோன்றியது. முகத்தில் வியர்வை அரும்பியது. கென்னடியோ கருநிற உடை அணிந்து, காமிராவை நேராக நோக்கிப் பேசினார். பார்த்தவர்க்கு அவர் தம்மோடு பேசுவதாகவே பட்டது.

வானொலியில் கேட்டவர்கள் நிக்சனே வென்றார் என்றும், தொலைக்காட்சியில் கண்டவர்கள் கென்னடியே வென்றார் என்றும் கருதியதாகப் பல நூல்கள் கூறும். எனினும், அதற்கு ஆதாரமான கருத்துக் கணிப்பில் வானொலி நேயர்கள் மிகச் சிலரே என்று பிற்கால அறிஞர் சுட்டினர். ஆதலின் 2003ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ட்ரக்மன் என்னும் அரசியல் அறிஞர் தாம் நடத்திய சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். அதே சொற்போரைச் சிலருக்குக் காட்சியுடனும், வேறு சிலருக்கு ஒலியாக மட்டும் அவர் அளித்திருந்தார். கென்னடி வென்றார் என்று கூறும் போக்கு காட்சியைக் கண்டவர்களிடமே மிகுந்திருந்தது. பேசுவோரின் நேர்மையைப் பற்றித் தாம் கொண்ட எண்ணத்தை அவர்கள் தம் தீர்ப்பில் மிகுதியாகச் சார்ந்திருந்தனர்.

இதனைக் கொண்டு அளவு மீறிய முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பேச்சின் பயனில் சொல்லுக்கு 7 விழுக்காடுதான் பங்கு என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்பார் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளைத் திரித்துக் கூறுவது. விருப்பு வெறுப்பை உணர்த்துவதில் சொல், குரல், முகம் ஆகியவற்றின் பங்கையே அவர் ஆராய்ந்தார். எல்லாப் பேச்சுக்கும் அக்கணக்குப் பொருந்தாது.

தொலைக்காட்சியில் இன்னொன்றும் உண்டு. ஒருவர் பேசும்போது, கேட்டிருக்கும் மற்றவரின் முகத்தையும் காமிரா காட்டும். எந்த முகத்தை எப்போது காட்டுவது என்று முடிவு செய்பவர் நிகழ்ச்சியை இயக்குபவர். மதுரைப் பேராசிரியர் சாலமன் பாப்பையா நடுவராக அமர்ந்து நடத்திய தொலைக்காட்சிப் பட்டிமன்றங்களை நினைத்துப் பாருங்கள். அணித் தோழர் கைதட்டுவதும், எதிரணியார் தலையாட்டிச் சிரிப்பதும், அவையோர் குலுங்கி நகைப்பதும் மாறி மாறி வரும். அவையோர் சிரிக்கக் கண்டால் நமக்கும் சிரிப்பு வருகிறது. அச்சிரிப்பை வாதத்தின் வலிமை என்று எண்ணிவிடுகிறோம்.

நானும் இப்பிழையைச் செய்தவனே. தலைமையாசிரியனாக இருந்தபோது ஒரு பேச்சுப் போட்டிக்கு நடுவராக அமர்ந்தேன். சிற்றூர் மாணவன் ஒருவன் தொடக்கம் முதல் இறுதி வரை தரையையே நோக்கிப் பேசினான். அச்சமுடையவன், பொருளைத் தெளியாதவன் என்று கருதிக் குறைந்த மதிப்பெண் இட்டேன். நிமிர்ந்து நின்று கையசைத்துப் பேசியவன் பரிசு பெற்றான். மறுநாள் ஒரு வகுப்பறையின் பின்புறமாகச் சென்றபோது, சுவருக்கு அப்பால் ஒருவன் தெளிவாகப் பேசுவது கேட்டு நின்றேன். அதே மாணவன்தான், அதே உரையைத் தன் தோழர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். முந்தைய நாள் கேட்ட வாதங்களுள் அவனுடையனவே உறுதியானவை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். பெரியோரைக் கண்ணுக்குக் கண் நோக்குதல் மரியாதையன்று என்பது அவன் வீட்டார் கற்பித்த பாடம். பணிவை நான் அச்சம் என்று படித்துவிட்டேன். அவன் அதன்பின் மேடை ஏறவே இல்லை.

ஆகவே, மேடை ஏறுவோர் அவையை நோக்கவும், பிறர் பேசும்போது முகம் சுளியாது கேட்கவும் பழகுங்கள். அதனினும் இன்றியமையாதது கேட்போரின் கடமை. தொலைக்காட்சியில் சொற்போர் நடக்கும்போது சிறிது நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இருவர் கூறிய காரணங்களையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள். அதன்பின் உங்கள் தீர்ப்பு மாறுகிறதா என்று பாருங்கள். நாளை நீங்கள் வாக்களிக்கப் போகிறவர்கள். சிலர் நடுவராகவும் நீதிபதியாகவும் அமரப் போகிறவர்கள். உங்கள் முன் தலை குனிந்து நின்று உண்மை சொல்பவன் ஒருவன் என்றேனும் வருவான். அவனை அடையாளம் காண இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.