ஸ்போர்ட்ஸ் கார் கட்ட ஆசையா? முதலில் சேஸிஸைப் பாருங்கள்

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பலர் மெக்கானிகல் படிக்கிறார்கள். அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் காரைப் போலவே ஒன்றைத் தம் கையால் கட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர்களில் சிலருக்கு உண்டு. இப்படிப்பட்ட வண்டியை ரெப்ளிகா என்பார்கள். யோசனை கேட்க வருபவர்கள் பெரும்பாலும் ஃபைபர் பாடியின் படத்தைத்தான் காட்டுகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "தம்பி, அடியில் என்ன சேஸிஸ்?" ரயில் பெட்டிகளோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்கிறேன்.

சுமையைத் தாங்குவது யார்?

பழைய மரப் பெட்டிகளில் அடியில் இரும்புச் சட்டம் தனியாக இருக்கும். சுமை முழுவதையும் அதுவே தாங்கும். மேலே உள்ள பெட்டி வெறும் கூடுதான். 1955-இல் பெரம்பூரில் தொடங்கிய தொழிற்சாலைக்கு 'இன்டெக்ரல்' என்று பெயர் வைத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே உருவான பெட்டிகளில் தரை, பக்கச் சுவர், கூரை எல்லாம் ஒன்றாக இணைந்து சுமையைப் பகிர்ந்துகொள்ளும்.

கார்களிலும் இதே இரண்டு ஜாதிகள்தான். நம் குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினியும், வங்காளத்தில் தயாரான அம்பாசடரும் இன்டெக்ரல் வகை. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு தனிச் சேஸிஸ் வகை. போல்ட்டுகளைக் கழற்றினால் பாடி தனியே வந்துவிடும். ஜீப்பும் அப்படியே.

ஃபைபர் பாடி சுமை தாங்காது. ஆகவே ரெப்ளிகாவுக்குத் தனிச் சேஸிஸ்தான் வேண்டும். பத்மினியின் கூரையை வெட்டி எடுத்தால் நடுவில் தொய்யும், கதவு மூடாது. உள்ளே இருப்பவர்களின் உயிருக்கும் ஆபத்து.

முறுக்கைத் தாங்குமா?

நம் ஊர்ச் சாலைகளில் ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்குவது தினசரி நிகழ்ச்சி. அப்போது சேஸிஸ் முறுக்கப்படுகிறது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். போஸ்ட் கார்டு ஒன்றைக் குழலாகச் சுருட்டி ஓரத்தை ஒட்டி முறுக்குங்கள், அசையாது. ஒட்டிய இடத்தை நீளவாக்கில் பிரித்துவிட்டு முறுக்குங்கள், துவண்டுவிடும். 75 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. தடிப்பும் உள்ள இரும்புக் குழாயை நீளவாக்கில் பிளந்தால் முறுக்கைத் தாங்கும் விறைப்பு சுமார் 430-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது கணக்கு. ஏ.சி. கோப்ரா என்ற புகழ்பெற்ற காரின் அடித்தளமே இரண்டு நீண்ட குழாய்கள்தான். மூடிய குழாய், மூடிய பெட்டி வடிவம், இவற்றையே தேடுங்கள்.

அளவு பொருந்துமா?

முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம் வீல்பேஸ். மேல்நாடுகளில் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் அடித்தளத்தில் ஏராளமான ரெப்ளிகாக்கள் கட்டினார்கள். அதன் வீல்பேஸ் 94.5 அங்குலம். எம்.ஜி. டி.டி. காருக்கு 94 அங்குலம் என்பதால் அந்த பாடி ஏறக்குறைய அப்படியே உட்கார்ந்தது. போர்ஷே 356 பாடிக்கோ சுமார் ஒரு அடி வெட்டிக் குறைக்க வேண்டியிருந்தது. வெட்டி ஒட்டும் இடம் எப்போதும் பலவீனமான இடம். ஆகவே பாடிக்காகச் சேஸிஸை வெட்டாதீர்கள். சேஸிஸுக்கு ஏற்ற பாடியைத் தேர்ந்தெடுங்கள்.

நம் நாட்டில் என்ன கிடைக்கும்?

ஹெரால்டின் வீல்பேஸ் 91.5 அங்குலம். டிரையம்ப் கம்பெனியே இந்த அமைப்பை 83 அங்குலமாகச் சுருக்கி 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. ஜீப் சேஸிஸ் பாரம் தாங்கும், ஆனால் உயரம் அதிகம். அதன் மேல் தாழ்வான பாடியை வைத்தால் குதிரை மேல் நாற்காலி போட்ட மாதிரி இருக்கும்.

பழைய சேஸிஸ் எதுவானாலும் குறுக்கு மூலைகள் இரண்டையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் அது அடிபட்டு வளைந்தது. துரு பிடித்த இடங்களைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மந்தமாகச் சத்தமிடும். சேஸிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் தொடவே தொடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பணத்தைப் போடுமுன் இதைப் படியுங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பழைய ஆர்.சி.யை வைத்துக்கொண்டு புது பாடியோடு சாலையில் ஓட்டலாம் என்று எந்த கராஜ்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இன்னொன்று. 2021-இல் வந்த விதிகளின்படி, 50 வயது தாண்டிய, சேஸிஸும் பாடியும் என்ஜினும் பெரிதாக மாற்றப்படாத கார்களை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். முழுசாக இருக்கும் ஹெரால்டைப் பிரித்துப் போட்டால் அந்தத் தகுதி போய்விடும். அதைப் பழுது பார்த்து ஓட்டுவதே புத்திசாலித்தனம்.

அப்படியானால் கட்டும் ஆசையை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். பந்தயத் தளத்தில் ஓட்டுவதற்காகக் கட்டுங்கள். கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 என்ஜினை வைத்து, குறைந்த செலவில் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது அந்தக் காரில்தான். 1995-இல் கரிவரதன் மறைந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கணக்குப் போட்டு வரைபடம் வரைந்து, தேர்ந்த வெல்டரையும் அனுபவமுள்ள ஒரு பொறியாளரையும் கூட வைத்துக்கொண்டு, மூடிய குழாய்களால் சேஸிஸைப் புதிதாகக் கட்டுங்கள். பாடியின் அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.