குடாவிலிருந்து குடாவுக்கு

கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் நாவற்குடாவிற் பிறந்து வளர்ந்த ஒருவன், கடற்கரையிலே தங்கி இளைப்பாறுவதற்கென்று பெட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டால் ஊரார் நகையாரோ? நகைக்கத்தான் செய்தார்கள். எங்கள் ஊரில் விடியலிலே ஞாயிறு கடலில் எழும். மாலையிலே வாவிக்கு அப்பால் விழும். இரண்டையும் ஒரே நாளில் கால்நடையாகச் சென்று காணலாம். அத்தகைய ஊரவனுக்கு உல்லாச விடுதி எதற்கு?

இதற்குக் காரணர் என் மாணாக்கர். கால் நூற்றாண்டுக்கு முன் என்னிடம் நன்னூல் பாடங் கேட்டவர்கள். இன்று கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் குடும்பமாய் வாழ்பவர்கள். சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் ஊர் வந்தவர்கள், எங்கள் கீழைத்தேயக் கல்லூரிக்கு வந்து ஓர் உறையை என் கையில் வைத்தார்கள். பொற்கிழியோ என அஞ்சினேன். பாசிக்குடாவில் ஒரு விடுதியில் இரண்டு இரவுகள் தங்குவதற்கான பதிவுச் சீட்டு! "சேர், நீங்க ஒரு நாளும் ஓய்ஞ்சு இருந்ததை நாங்க காணல்ல" என்றார் ஒருவர். நான் மறுத்தேன். மறுத்ததற்கு நாணம் ஒரு காரணம். மற்றைக் காரணம் நாணத்தினும் ஆழமானது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நாவலடியில் வாழ்ந்த என் தமக்கையார் அன்று கடலோடு போனார். கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரத்தையே அலை சாய்த்துவிட்டுப் போன அந்நாளின் பின் நான் கடலிற் கால் வைத்ததில்லை. என் வீட்டிலிருந்து கடல் அரை மைலும் இல்லை. இரவிலே அதன் இரைச்சல் படுக்கைக்கு வரும். ஆண்டுதோறும் வகுப்பில் நெய்தல் நடத்தினேன். பரதவரும் உப்பும் புன்னையும் கருப்பொருள், இரங்கல் உரிப்பொருள், எற்பாடு சிறுபொழுது. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். கற்பிப்பவன் கடலுக்கு முதுகு காட்டி வாழ்பவன் என்பதை அவர்கள் அறியார்.

"வேணுமெண்டா நான் தனியப் போறன்" என்றாள் என் மனையாள். அவள் தனியே போகமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். நான் தனியே இருக்கமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே புறப்பட்டோம்.

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீற்றர். ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை கடந்து வாழைச்சேனைப் பக்கம் சென்று கடலை நோக்கித் திரும்பினால் பாசிக்குடா. இவ்விடம் நேற்றுப் புகழ் பெற்றதன்று. 1970களிலேயே இங்கு உல்லாச விடுதிகள் இருந்தன. 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளி நம் மாவட்டத்தை அலைத்தது. அப்போது நான் சிறுவன். கூரையில்லாத வீட்டிலிருந்து விடியலைக் கண்டது இன்றும் கண்ணில் நிற்கிறது. அதன்பின் போர், போரின் நடுவே ஆழிப்பேரலை. 2009இல் போர் முடிந்தபின், 2011 முதலாகப் புதிய விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாய் இக்கரையில் எழுந்தன.

விடுதி வாயிலிலே குளிர்ந்த ஈரத் துவாலை ஒன்று தந்தார்கள். முகத்துக்கோ கைக்கோ என்றறியாமல் மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளே, கடலுக்குச் சில பாகத் தொலைவிலே ஒரு நீச்சற்குளம் வெட்டி நீல ஓடு பதித்திருந்தார்கள். கடலின் பக்கத்தில் கடலின் நிறத்தில் ஒரு குளம்! தண்டியாசிரியர் இதனை எந்த அணியுள் அடக்குவார்? அறையில் மும்மொழியிலும் ஓர் அறிவித்தல் தொங்கியது. தமிழில், 'கால்களை கழுவவும்' என்றிருந்தது. செந்நிறப் பேனாவை எடுத்து வல்லெழுத்தை இட்டுவிட்டேன். பெட்டியைச் சுமந்து வந்த இளைஞன் சிரித்தான். "சேர், அந்த 'க்' எனக்கும் தெரியும். போட்டில அச்சடிச்சது கொழும்பில." உற்று நோக்கினேன்; சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி மாலை வகுப்பிலே பின்வாங்கில் இருந்தவன். அவன் என் பெட்டியைச் சுமந்ததும், இரவில் என் முன்னே உணவுத் தட்டை வைத்ததும் எனக்குப் பெரிய இடர்ப்பாடாயிருந்தது. அவனுக்கு இல்லை. "மீனாணம் நம்மட ஆக்கள் சமைச்சது, நல்லாச் சாப்பிடுங்க" என்றான்.

கடலோரத்தில் இளைப்பாறுவதை மேல்நாட்டார் மத்தியதரைக் கடற்கரையிலே ஒரு கலையாக வளர்த்தனர். குளிருக்கு அஞ்சித் தென்பிரான்சின் நீஸ் நகருக்கு ஓடிவந்த ஆங்கிலேயர், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அங்கே கடலோரமாக ஒரு நடைபாதை அமைத்தனர். இன்றும் அது ஆங்கிலேயர் உலாவிடம் என்றே வழங்குகிறது. 1887இல் லியேஜார் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் அக்கரைக்கு 'நீலக்கரை' எனப் பெயர் சூட்டி நூல் எழுதினார், பெயர் நிலைத்தது. அந்த நீஸிலே ஒரு கிழமை தங்கிவந்த என் மாணாக்கர், "அங்க மணல் இல்ல சேர், முழுக்க உருளைக்கல், நடந்தா கால் நோகும்" என்று முறையிட்டார். நம்மவர் பாசிக்குடா என்று பெயரிட்டபோதும் ஒரு நிறத்தைத்தான் கண்டார்கள். கடலடிப் பசுமையைக் கண்டு பெயரிட்டவனை யாரும் நூலில் எழுதி வைக்கவில்லை.

ஆனால் இக்கலை நமக்குப் புதிதென்று சொல்ல ஒவ்வேன். சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையை நினைந்து பாருங்கள். இந்திரவிழாவின் முடிவிலே கோவலன் அத்திரியிலும் மாதவி வையத்திலும் ஏறிப் புகார்க் கடற்கரைக்குச் செல்கின்றனர். புன்னை நிழலிலே, புதுமணலிலே, ஓவியந் தீட்டிய திரை சூழ, விதானத்தின் கீழ் வெண்கால் அமளி இடப்படுகிறது. எங்கள் விடுதியார் மணலிலே திரைச்சீலையும் மெத்தையும் இட்டிருந்த கோலம் அதனின் வேறன்று. ஆயின் அங்கே வசந்தமாலை நீட்டிய யாழில் எழுந்த கானல்வரி இருவரையும் பிரித்தது. தமிழ்க் கடற்கரை யாரையும் சும்மா இருக்க விடாது போலும் என்று எண்ணியபடி முதல் நாள் மாலைவரை நாற்காலியை விட்டு எழாதிருந்தேன். மனையாள் நீரில் நின்று கைகாட்டினாள். நான் காணாதவன்போல் இருந்தேன்.

பின்பு அவளே வந்து கையைப் பற்றினாள். பாசிக்குடாவின் இயல்பு அதன் ஆழமின்மை. வெளியே முருகைக்கற் பாறைகள் அலையை அடக்குகின்றன. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் நீர் இடுப்பளவே. எங்கள் நாவற்குடாக் கடலோ கரையிலேயே ஆளை வாரும். கணுக்கால், முழங்கால், இடுப்பு. நீர் இளஞ்சூடாக இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை ஆண்டும் என் நினைவிலே கடல் குளிர்ந்தே கிடந்தது. சிறுவயதில் மட்டி பொறுக்கப் போகும்போது, 'அலை வருது, கண்ணை மூடு' என்று தமக்கையார் சொல்வார். அங்கே அலையில்லை, ஆயினும் கண்ணை மூடிக்கொண்டேன். மனையாள் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் இருள் புலர்வதற்குள் எழுந்து கரையோரமாய் நடந்தேன். எற்பாடு என்பதற்கு ஞாயிறு சாயும் வேளை என்றே கற்பித்து வந்தேன். காலை எனப் பொருள் கொண்டாரும் உளர். கீழ்க்கரையில் நின்று நோக்கும்போது அவர்கள் பக்கமும் நியாயம் தெரிகிறது. விடுதிகளின் முன்றில் எங்கும் வெறும் நாற்காலிகள் வரிசையாய்க் கிடந்தன. குடாவின் ஒரு கோடியிலே வள்ளங்கள் நெருங்கிக் கிடந்தன. வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "முந்தி கரை முழுக்க வள்ளந்தான் ஐயா. இப்ப இம்மட்டுத்தான்." பிள்ளைகளும் கடற்றொழிலோ என்றேன். "ஒருவன் கட்டார்ல, ஒருவன் ஹோட்டல்ல. மாசம் முடிஞ்சாச் சம்பளம் வருகுது. கடல் அப்படித் தருமா?" மறுமொழி சொல்ல என்னிடம் ஏதுமில்லை. அவர் நின்ற மணலைச் சுருக்கிய அதே விடுதிதான் அவர் மகனுக்குச் சோறு போடுகிறது. எனக்கு இரண்டு நாள் ஓய்வும் தந்தது. கருப்பொருட் பட்டியலிலே இதனை எங்கே சேர்ப்பது?

புறப்படும்போது என் மாணவன் பெட்டியை வண்டியில் ஏற்றினான். காசு கொடுக்க நாணி, மேசையிற் கிடந்த பேனாவைக் கொடுத்தேன். சிவப்புப் பேனா. வாங்கிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு காலை, நாவற்குடாவில், நானும் மனையாளும் அந்த அரை மைலை நடந்து எங்கள் கடலுக்குப் போனோம். இங்கே திரைச்சீலையும் இல்லை, ஆழங்குறைந்த நீரும் இல்லை. கணுக்கால் அளவில் நின்றேன். அலையொன்று வந்து என் செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு போயிற்று. மற்றதைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம்.