சத்தம் கூடும், வேகம் கூடுமா?

பகுதி 9: இன்ஜின் மாற்றங்கள்

மோட்டார் சைக்கிள் இன்ஜினின் சக்தியைத் தீர்மானிப்பது காற்று. ஒரு தடவைக்கு எவ்வளவு காற்று சிலிண்டருக்குள் நுழைகிறது, நிமிடத்துக்கு எத்தனை தடவை நுழைகிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் குதிரைத்திறன். ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்றைக் கூட்டாமல் பெட்ரோலை மட்டும் கூட்டினால் கரும்புகைதான் மிஞ்சும். ஆகவே கடையில் எந்தப் பாகத்தை எடுத்துக் காட்டினாலும் அதைப் பற்றிக் கேட்கத்தக்கது ஒன்றுதான்: இதனால் சிலிண்டருக்குள் போகும் காற்று எவ்வளவு கூடும்?

பெரும்பாலான வண்டிகளில் முதலில் மாற்றப்படுவது சைலன்சர். புல்லட்டில் கம்பெனி சைலன்சரைக் கழற்றி பாட்டில் சைலன்சரோ கிளாஸ் உல் சைலன்சரோ மாட்டினால் புகை போகும் வழியில் தடை கொஞ்சம் குறையும். ஆனால் 5,000 ஆர்.பி.எம்-மைச் சுற்றியே வாழும் 350 சி.சி. இன்ஜினுக்கு அந்தத் தடை பெரிய பாரமே அல்ல. வால்வின் அளவும், அது திறந்திருக்கும் நேரமும், காற்று உள்ளே வரும் பாதையும் அப்படியே இருக்க, வெளியேறும் வாசலை மட்டும் அகலமாக்கிப் பயன் குறைவு. எண்ணெய் தடவிய பருத்தி ஏர் ஃபில்டரையும் சேர்த்து மாட்டினாலும், 20 குதிரைத்திறன் வண்டியில் ஒரு குதிரைத்திறன் கூடினால் அதுவே நல்ல பலன்.

அந்த ஒரு குதிரைத்திறனை வானிலையே கொடுத்துவிடும், எடுத்தும்விடும். சித்திரை உச்சிவெயிலில் 40 டிகிரி, மார்கழி அதிகாலையில் 20 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தியில் 6 முதல் 7 சதவீதம் வித்தியாசம்; சக்தியிலும் ஏறத்தாழ அவ்வளவே. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் வண்டி, சுமார் 2,240 மீட்டர் உயரத்தை எட்டும்போது தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். சைலன்சர் மாட்டிய அன்று மாலை ஓட்டிப் பார்த்து “பிக்கப் ஏறிடுச்சு” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. மதியத்துக்கும் மாலைக்கும் இடையில் காற்று குளிர்ந்திருக்கிறது; சத்தமும் கூடியிருக்கிறது. காதுக்கு எட்டும் சத்தத்தை உடம்பு வேகமாக எடுத்துக்கொள்ளும். சக்தியை அளக்கும் ஒரே டைனோவில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும், வெப்பநிலைத் திருத்தத்தோடு ஓட்டிப் பார்க்காத கணக்கு எதையும் நம்புவதற்கில்லை.

ஃப்யூல் இன்ஜெக்ஷன் வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், சீரான வேகத்தில் ஓடும்போது கலவையை 14.7-க்கு அருகிலேயே பிடித்து வைக்கிறது. ஃபில்டர், சைலன்சர் மாற்றத்தால் காற்று கொஞ்சம் கூடினாலும் இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. அதைச் சரிக்கட்டிவிடும். த்ராட்டிலை முழுதாகத் திருகும்போது மட்டும் அது சென்சாரைக் கேட்காமல், தன்னிடம் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் அட்டவணையைப் பார்த்துப் பெட்ரோலை விடும். அந்த அட்டவணையைத் திருத்தாவிட்டால் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறும். அதிக சக்தி கிடைப்பது 12.5 முதல் 13 வரையிலான சற்றுக் கெட்டியான கலவையில், ஈ.சி.யூ. ரீமேப் செய்பவர்கள் செய்வதெல்லாம் பெரும்பாலும் அந்த இடத்துக்குக் கொண்டுவருவதும், இக்னிஷன் டைமிங்கைச் சிறிது முன்தள்ளுவதும்தான். பலன் சில சதவீதம். டர்போ கார்களில் ரீமேப் செய்தால் நான்கில் ஒரு பங்குகூடக் கிடைப்பதைக் கண்டு பைக்கிலும் அதையே எதிர்பார்ப்பவர்கள் உண்டு. டர்போ காரில் கம்ப்யூட்டரை மாற்றினால் காற்றின் அழுத்தமே மாறும். பைக்கில் அழுத்துவதற்கு டர்போ இல்லை.

பிரீமியம் பெட்ரோல் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆக்டேன் எண் என்பது தட்டாமல் எரியும் தாங்குதிறனே தவிர, அதில் கூடுதல் ஆற்றல் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. இன்ஜினில் தட்டல் இல்லையென்றால் 100 ஆக்டேன் பெட்ரோல் பில்லை மட்டுமே ஏற்றும்.

இன்ஜினையே பிரித்துச் செய்யும் வேலைகளுக்கு வந்தால், ராயல் என்ஃபீல்டின் சொந்தக் கணக்குகளே நல்ல சாட்சி. பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350, 18 குதிரைத்திறன் கொடுத்தது. அதே 90 மி.மீ. ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு, போரை 70 மி.மீட்டரிலிருந்து 84-க்குப் பெரிதாக்கி, கார்புரேட்டரையும் பெரிதாகப் போட்டு வந்த புல்லட் 500 கொடுத்தது 22. கொள்ளளவு 44 சதவீதம் ஏறியது, சக்தி 22 சதவீதமே ஏறியது. சிலிண்டர் பெருத்த அளவுக்கு அதை நிரப்பும் வழி பெருக்கவில்லை. பிறகு வந்த கிளாசிக் 500-இல் 27.2 குதிரைத்திறன், அதன் போரை 3 மி.மீ. கூட்டி 2013-இல் வந்த கான்டினென்டல் ஜி.டி. 535-இல் 29.1. இங்கே கொள்ளளவும் சக்தியும் இரண்டுமே 7 சதவீதம்தான் கூடின.

லேத் பட்டறையில் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதை ‘பவர் ஏற்றுதல்’ என்று சொல்லும் பழக்கத்தையும் இதே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 70 மி.மீ. போர் 71 ஆனால் 346 சி.சி. என்பது 356 ஆகும், மூன்று சதவீதத்துக்கும் குறைவு. வேலை முடிந்து வெளிவரும் வண்டி பாய்கிறதென்றால், தேய்ந்த சிலிண்டரில் கசிந்துகொண்டிருந்த கம்ப்ரஷன் திரும்பிவிட்டது என்றுதான் பொருள். தொலைந்தது கிடைத்திருக்கிறது, புதிதாக எதுவும் சேரவில்லை. ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனை 8.5-இலிருந்து 9.5-க்கு உயர்த்தினாலும் ஏட்டுக் கணக்கில் கிடைப்பது 3 சதவீதம்தான்.

உண்மையான பாய்ச்சல் எப்படி இருக்கும் என்பதற்கு ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் எடுத்துக்காட்டு. 411 சி.சி. ஹிமாலயனில் 6,500 ஆர்.பி.எம்-மில் 24.3 குதிரைத்திறன். 2023-இல் வந்த 452 சி.சி. ஹிமாலயனில் 8,000-இல் சுமார் 39.5. கொள்ளளவு 10 சதவீதம் கூட, சக்தி 60 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது. இரண்டு வால்வு இருந்த இடத்தில் நான்கு வால்வும் இரட்டைக் கேம்ஷாஃப்டும் வந்தன, காற்றிலும் ஆயிலிலும் குளிர்ந்த இன்ஜினுக்கு ரேடியேட்டர் வந்தது, கம்ப்ரஷன் 9.5-இலிருந்து 11.5 ஆனது; 86 மி.மீ. ஸ்ட்ரோக் 81.5 ஆகக் குறைந்து போர் அகன்றது. இதில் ஒன்றைக்கூட பழைய இன்ஜினில் தனியாகப் பொருத்திப் பலன் பார்க்க முடியாது. நிறுவனம் பழைய இன்ஜினை மேம்படுத்தவில்லை, புதிதாக ஒன்றைச் செய்தது.

சக்தி வேண்டுமென்றால் சுற்றைக் கூட்ட வேண்டும் என்பதுதான் இதன் உட்கிடை. சுற்றைக் கூட்டினால் கீழ்ப்பாகம் தாங்க வேண்டும். பிஸ்டன் மேலேயும் கீழேயும் திரும்பும்போது கனெக்டிங் ராடை இழுக்கும் விசை, ஆர்.பி.எம்-மின் வர்க்கத்தில் ஏறும். 5,500-க்குப் பதில் 6,500 சுற்றினால் வேகம் 18 சதவீதம்தான் கூடும், விசையோ 40 சதவீதம். பழைய புல்லட்டின் ராடுக்கு அடியில் இருப்பது வெறும் புஷ். சுற்றைக் கூட்டக் கேம் மாற்றிய புல்லட்டுகள் சில மாதங்களில் ‘கிராங்க் சத்தம்’ என்று மெக்கானிக்கிடம் திரும்பி வருவதன் காரணம் இங்கே இருக்கிறது.

இத்தனைக்கும் விதிவிலக்கு டூ-ஸ்ட்ரோக். யமஹா ஆர்.எக்ஸ். 100, 1985 முதல் 1996 வரை இந்தியாவில் விற்றது, 98 சி.சி-யில் 11 குதிரைத்திறன். டூ-ஸ்ட்ரோக்கில் கேம் இயக்கும் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் வெட்டிய ‘போர்ட்’ என்னும் ஓட்டைகளை பிஸ்டனே திறந்து மூடுகிறது. ஆகவே போர்ட்டின் மேல்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கேம்ஷாஃப்டை மாற்றியதற்குச் சமம், செலவோ அரத்துக்கும் பொறுமைக்கும்தான். மெக்கானிக் எக்ஸாஸ்ட் போர்ட்டின் விளிம்பில் மார்க்கர் மை தடவி, ஊசியால் கோடு கிழித்து, அந்தக் கோடு வரை சின்ன கிரைண்டரால் தேய்த்து, கடைசியில் பிசிறு தங்காதபடி விளிம்பை மழுக்குவார். பிசிறு தங்கினால் பிஸ்டன் ரிங் அதில் சிக்கி உடையும். சைலன்சரும் இங்கே வெறும் சத்தம் அடக்கி அல்ல. விரிந்து பின் குறுகும் எக்ஸ்பான்ஷன் சேம்பரில் அழுத்த அலை மோதித் திரும்பி, எரியாமல் தப்பி வெளியே வந்த கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. போர்ட்டும் சேம்பரும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் பலன் டைனோ இல்லாமலே தெரியும். ஆனால் அது உச்சத்தில் குவிந்துவிடும். கீழே 4,000 வரை வண்டி மூச்சுத் திணறும். சிக்னலுக்குச் சிக்னல் கிளட்சைப் பிடித்தே நகர்த்த வேண்டும். பெட்ரோலும் அதற்கேற்பக் குடிக்கும்.

கிடைத்த சக்தி சாலையில் எவ்வளவாகத் தெரியும் என்பது வேறு கணக்கு. காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் கனத்தில் ஏறுகிறது. 110 கி.மீ. வேகம் எட்டும் வண்டிக்கு 10 சதவீதம் சக்தி கூட்டினால் அது 113 அல்லது 114-ஐத் தொடும். சக்தியைப் பாதியளவு கூட்டினால்தான் 126. டாப் ஸ்பீடுக்காகச் செலவழிப்பது ஏறக்குறைய வீண். பிக்கப்புக்காக என்றால், சில நூறு ரூபாயில் முடியும் வேலை ஒன்று இருக்கிறது: முன் ஸ்பிராக்கெட்டில் 15 பல்லுக்குப் பதில் 14 பல் போட்டால் பின்சக்கரத்தில் இழுவை ஒவ்வொரு கியரிலும் 7 சதவீதம் கூடும். ஃபில்டர், சைலன்சர், ரீமேப் மூன்றும் சேர்ந்தாலும் இதைத் தாண்டுவது கடினம். இதற்கு விலையாக நெடுஞ்சாலையில் இன்ஜின் அதே 7 சதவீதம் அதிகம் சுற்றும், மைலேஜ் சற்று இறங்கும். எடையும் அப்படியே: 195 கிலோ கிளாசிக் 350-இல் 70 கிலோ ஆள் உட்கார்ந்தால் 265, அதில் 13 கிலோ குறைந்தால் 5 சதவீதம் சக்தி கூடியதுபோல வண்டி இழுக்கும். அந்த 13 கிலோ வண்டியிலிருந்துதான் குறைய வேண்டும் என்பதில்லை.

சட்டத்தின் நிலை தெளிவானது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் நிறுவனத்தின் மூல அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. சி.சி. கூட்டும் வேலை நேரே இதில் அடிபடும். 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஒலி வரம்பை மீறும் சைலன்சருக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. வாரண்டியையும் அநேகமாக மறந்துவிட வேண்டியதுதான்.

இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஒரு சுற்றுக்கு அரை விநாடி குறைந்தாலே செலவு நியாயமாகிவிடும். இன்ஜின் அடுத்த பந்தயத்துக்கு முன் எப்படியும் பிரிக்கப்படும், பிஸ்டனும் ரிங்கும் செயினைப் போலவே மாற்றிப்போடும் சாமான்களாகவே கணக்கில் எழுதப்படும்.

(தொடரும்)